மின்திறன் அலகுகளையும் வெப்பத்திறன் அலகுகளையும் ஒன்றுக்கொன்று மாற்றும் முறை

ஒரு கீசரின் விவரத்தகட்டில் 2 கிலோவாட் என்றும், ஒரு ஏசியின் தகட்டில் 18,000 பிடியூ (பிரித்தானிய வெப்ப அலகு) என்றும், ஒரு கொதிகலனின் தகட்டில் மணிக்கு 1,20,000 கிலோகலோரி என்றும், தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான ஒரு சில்லரின் ஆவணத்தில் 20 டன் என்றும் எழுதப்பட்டிருக்கும். நான்கும் ஒரே வகை அளவைத்தான் சொல்கின்றன. ஒரு வினாடியிலோ ஒரு மணி நேரத்திலோ எவ்வளவு ஆற்றல் கைமாறுகிறது என்பதே அந்த அளவு. அதற்குத் திறன் என்று பெயர். ஓர் அலகிலிருந்து இன்னோர் அலகுக்குப் போவதற்கு ஒரே ஒரு பெருக்கல் போதும். பெருக்குவதற்கு முன்னால், தகட்டில் உள்ள அந்த எண் இயந்திரத்தின் எந்த வாயிலில் அளக்கப்பட்டது, அதாவது உள்ளே போகும் மின்சாரமா, உள்ளே போகும் எரிபொருளின் வெப்பமா, வெளியே வரும் வெப்பமா என்று கேட்டுத் தெளிவதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. இந்தக் கட்டுரையில் பெருக்கல் எண்களைச் சுருக்கமாகவும் அந்தக் கேள்வியை விரிவாகவும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஆற்றலையும் திறனையும் பிரித்துக்கொள்ளுங்கள்

வாட் என்பது வினாடிக்கு ஒரு ஜூல். அதில் நேரம் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. கிலோகலோரியிலும் பிடியூவிலும் நேரம் அடங்கவில்லை. அவை ஜூலைப் போலவே வெறும் ஆற்றல் அலகுகள். ஆகவே வாட்டுடன் ஒப்பிட வேண்டியது 'மணிக்கு எத்தனை பிடியூ' என்பதைத்தானே தவிர, 'எத்தனை பிடியூ' என்பதை அன்று. குளிர்சாதனங்களின் விளம்பரங்களிலும் தகடுகளிலும் 'மணிக்கு' என்பதை விட்டுவிட்டு வெறும் பிடியூ என்று எழுதும் வழக்கம் உலகெங்கும் பரவிவிட்டதால், அங்கே நாமே அந்தச் சொல்லைச் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. இயற்கை எரிவாயுவை விற்கும்போது சொல்லப்படும் பிடியூவோ உண்மையிலேயே ஆற்றல்தான். அங்கே 'மணிக்கு' என்பதைச் சேர்த்துவிட்டால் கணக்கு தவறிவிடும்.

மின்சாரப் பக்கத்திலும் இதே குழப்பம் உண்டு. கிலோவாட் என்பது திறன். கிலோவாட் மணி என்பது ஆற்றல். 2 கிலோவாட் கருவி மூன்று மணி நேரம் ஓடினால் 6 கிலோவாட் மணி செலவாகிறது. 'மணிக்கு 2 கிலோவாட் எடுக்கும்' என்ற பேச்சு வழக்கை எழுத்தில் கொண்டுவராமல் இருப்பது நல்லது, ஏனென்றால் அதைப் படிப்பவர் நேரத்தால் இரண்டு முறை வகுத்துவிடும் ஆபத்து இருக்கிறது.

பெருக்கல் எண்கள், அவை எங்கிருந்து வருகின்றன

எண்களை மனப்பாடம் செய்வதைக் காட்டிலும், அவற்றைத் தேவைப்படும்போது வருவித்துக்கொள்ளத் தெரிந்திருப்பது பாதுகாப்பானது. ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு செல்சியஸ் பாகை உயர்த்தத் தேவைப்படும் வெப்பம் ஒரு கிலோகலோரி, அது 4,186.8 ஜூலுக்குச் சமம். ஒரு மணி நேரத்தில் 3,600 வினாடிகள் இருப்பதால், மணிக்கு ஒரு கிலோகலோரி என்பது 4,186.8 வகுத்தல் 3,600, அதாவது 1.163 வாட். திருப்பிப் போட்டால் ஒரு கிலோவாட் என்பது மணிக்குச் சுமார் 860 கிலோகலோரி.

பிடியூ என்பது ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு பாரன்ஹீட் பாகை சூடேற்றத் தேவைப்படும் வெப்பம். ஒரு பவுண்டு என்பது 0.45359 கிலோகிராம், ஒரு பாரன்ஹீட் பாகை என்பது ஒரு செல்சியஸ் பாகையில் ஒன்பதில் ஐந்து பங்கு. இவற்றையும் 4,186.8-ஐயும் பெருக்கினால் 1,055.06 ஜூல் கிடைக்கும். 3,600-ஐ இதனால் வகுத்தால், ஒரு வாட் என்பது மணிக்கு 3.412 பிடியூ என்ற எண் வந்து நிற்கும். மணிக்கு 1,000 பிடியூ என்பது 293 வாட். ஒரு கிலோகலோரியில் 3.968 பிடியூ இருக்கிறது. அவசரக் கணக்கில் நான்கு என்று வைத்துக்கொண்டால் பிழை ஒரு சதவீதத்தைத் தாண்டாது.

சில நூல்களில் கலோரியின் மதிப்பு 4.184 ஜூல் என்றும், சிலவற்றில் 4.1868 ஜூல் என்றும் இருப்பதைக் கண்டு பலர் தயங்குவார்கள். முதலாவது வேதியியலாளர்கள் பயன்படுத்தும் கலோரி. இரண்டாவது நீராவி அட்டவணைகளுக்காக 1956-இல் சர்வதேச மாநாட்டில் உறுதி செய்யப்பட்டது. தண்ணீரின் தன்வெப்பம் (ஒரு கிலோகிராமை ஒரு பாகை சூடேற்ற வேண்டிய வெப்பம்) வெப்பநிலையைப் பொறுத்துச் சிறிது மாறுவதால்தான் இப்படிப் பல கலோரிகள் தோன்றின. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.07 சதவீதம் மட்டுமே. கொதிகலன், ஏசி, சூடேற்றி போன்ற எந்த இயந்திரத்தின் தகட்டு மதிப்பும் அவ்வளவு துல்லியமானதன்று. ஆகவே நடைமுறையில் எதை எடுத்துக்கொண்டாலும் விடை மாறாது. ஆனால் ஒரே கணக்கில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

மின்சாரத்துக்கும் வெப்பத்துக்கும் இப்படி ஒரு நிலையான விகிதம் இருக்கிறது என்பதே ஒரு காலத்தில் வெளிப்படையான உண்மையாக இருக்கவில்லை. ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1840-களில் கம்பியில் ஓடும் மின்னோட்டம் தரும் வெப்பத்தையும், தண்ணீரைத் துடுப்பால் கலக்கும்போது எழும் வெப்பத்தையும் பொறுமையாக அளந்துகாட்டினார். ஒரு பிடியூவுக்கு 772 அடி-பவுண்டு (ஒரு பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்தும் வேலை ஓர் அடி-பவுண்டு) வேலை என்று 1850-இல் அவர் வெளியிட்ட மதிப்பு, இன்று நாம் அறிந்த 778-க்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. பாகையின் மிகச் சிறிய பகுதிகளை வெப்பமானியில் படித்து அவர் பெற்ற அந்த எண்ணின் மேல்தான் நமது எல்லா மாற்றக் கணக்குகளும் நிற்கின்றன.

குளிரூட்டல் டன், குதிரைத்திறன், கொதிகலன் குதிரைத்திறன்

குளிரூட்டல் டன் என்பது பனிக்கட்டி வணிகத்தின் எச்சம். 2,000 பவுண்டு கொண்ட ஒரு டன் பனிக்கட்டி, உருகுநிலையில் இருந்து 24 மணி நேரத்தில் முழுவதும் உருகும்போது உறிஞ்சிக்கொள்ளும் வெப்பமே அதன் அடிப்படை. ஒரு பவுண்டுக்கு 144 பிடியூ உள்ளுறை வெப்பம் என்று கொண்டால் நாளுக்கு 2,88,000 பிடியூ, மணிக்கு 12,000 பிடியூ. வாட்டில் சொன்னால் 3,517. கிலோகலோரியில் சொன்னால் மணிக்கு 3,024. ஆகவே 20 டன் சில்லர் என்பது 70.3 கிலோவாட் வெப்பத்தை அகற்றக்கூடியது.

குதிரைத்திறனில் மூன்று வகைகள் அன்றாடம் புழங்குகின்றன. பிரித்தானிய வழக்கில் 745.7 வாட், மெட்ரிக் வழக்கில் 735.5 வாட், மின்மோட்டார்களுக்கு 746 வாட். இவற்றில் முதலாவதும் மூன்றாவதும் நடைமுறையில் ஒன்றே. மெட்ரிக் குதிரைத்திறன் ஒன்றரை சதவீதம் குறைவு. பெரிய இயந்திரங்களில் மட்டும் இதைக் கவனித்தால் போதும்.

கொதிகலன் குதிரைத்திறன் என்பதோ இவற்றோடு பெயரளவில் மட்டுமே உறவுடையது. 212 பாரன்ஹீட் பாகையில் உள்ள 34.5 பவுண்டு தண்ணீரை ஒரு மணி நேரத்தில் நீராவியாக்கும் திறன் அது. மணிக்குச் சுமார் 33,475 பிடியூ, அதாவது 9.81 கிலோவாட். சாதாரணக் குதிரைத்திறனைப் போல 13 மடங்குக்கு மேல். 100 குதிரைத்திறன் கொதிகலன் என்று எழுதியிருப்பதை 74.6 கிலோவாட் என்று எடுத்துக்கொண்டு அதற்கு மாற்றாக மின்கொதிகலனைத் தேர்ந்தால், அது உண்மையில் வேண்டிய 981 கிலோவாட்டில் பதின்மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

நீராவிக் கொதிகலன்களை 'மணிக்கு இத்தனை டன்' என்றும் குறிப்பார்கள். இந்த டன் ஆயிரம் கிலோகிராம் நீராவி. குளிரூட்டல் டன்னோடு இதற்குத் தொடர்பில்லை. 100 செல்சியஸ் பாகைத் தண்ணீரை அதே வெப்பநிலையில் நீராவியாக்கக் கிலோகிராமுக்கு 2,257 கிலோஜூல் தேவைப்படுவதால், மணிக்கு ஒரு டன் நீராவி என்பது சுமார் 627 கிலோவாட். உண்மையில் கொதிகலனுக்குள் செல்லும் தண்ணீர் அதைவிடக் குளிர்ந்திருந்தால் டன் ஒன்றுக்கு இன்னும் அதிக வெப்பம் வேண்டும்; ஆகவே விவரத்தகட்டு எண் எந்த நிலைக்கு உரியது என்று பார்த்த பிறகே மாற்ற வேண்டும்.

முன்னொட்டுகளிலும் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. வெப்பப் பொறியியலின் பழைய அமெரிக்க வழக்கில் எம் என்ற எழுத்து ரோமானிய எண்ணைப் பின்பற்றி ஆயிரத்தைக் குறிக்கும். எனவே எம்பிஎச் என்பது மணிக்கு ஆயிரம் பிடியூ. எம்எம்பிடியூ என்பது பத்து லட்சம் பிடியூ. 60 எம்பிஎச் கொண்ட ஒரு சூடேற்றி 17.6 கிலோவாட்தான், மெகாவாட் அன்று.

மாற்றும் போது கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு

எந்த அலகு வந்தாலும் முதலில் அதை வாட்டுக்கோ கிலோவாட்டுக்கோ கொண்டுவந்துவிட்டு, கூட்டல் கழித்தல் அனைத்தையும் அங்கே முடித்து, தேவையானால் இறுதியில் ஒரே ஒரு முறை மற்ற அலகுக்குத் திரும்புங்கள். பிடியூவிலிருந்து கிலோகலோரிக்கு, அங்கிருந்து டன்னுக்கு என்று தாவித் தாவிச் செல்லும்போது ஒவ்வொரு படியிலும் தோராயம் சேர்ந்துகொண்டே போகும். இடையில் ஓர் எண்ணைத் தலைகீழாகப் போட்டுவிட்டாலும் எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க முடியாது. எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் எழுதி, மேலும் கீழுமாக அவை அடிபட்டுப் போகின்றனவா என்று பார்ப்பது பள்ளிக்கூடப் பழக்கம் என்று தோன்றலாம். அனுபவமுள்ள பொறியாளர்களும் அதை விடுவதில்லை.

விடை வந்ததும் அதன் அளவை ஒரு கணம் எடைபோடுங்கள். மணிக்கு ஒரு கிலோகலோரி ஒரு வாட்டைவிடச் சற்றே பெரியது. மணிக்கு ஒரு பிடியூ வாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே வாட்டிலிருந்து பிடியூவுக்குப் போகும்போது எண் மூன்று மடங்குக்கு மேல் பெருக வேண்டும். வாட்டிலிருந்து கிலோகலோரிக்குப் போகும்போது ஏழில் ஒரு பங்கு குறைய வேண்டும். கிலோகலோரியை வாட்டாக்க அதன் ஆறில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டால் போதும், பிழை 0.3 சதவீதம்தான். கணிப்பான் காட்டும் எட்டு இலக்கங்களையும் படியெடுத்து எழுதுவதில் பயனில்லை. தகட்டில் 18,000 என்று இருந்தால் 5.28 கிலோவாட் என்று மூன்று இலக்கங்களில் நிறுத்துவதே நேர்மையான விடை.

தண்ணீர் ஓடும் இடங்களில் எல்லாவற்றையும் சரிபார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. மணிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு பாகை சூடானால் அது ஏற்றுக்கொண்ட வெப்பம் மணிக்கு ஏறத்தாழ 1,000 கிலோகலோரி, அதாவது 1.163 கிலோவாட். ஒரு சில்லரின் வழியே மணிக்கு 12 கன மீட்டர் தண்ணீர் 12 பாகையில் நுழைந்து 7 பாகையில் வெளியேறினால், 12-ஐயும் 5-ஐயும் பெருக்கி மணிக்கு 60,000 கிலோகலோரி என்று மனக்கணக்கிலேயே சொல்லிவிடலாம். அது 69.8 கிலோவாட், 19.8 டன். தகட்டில் உள்ள 20 டன்னை அது உண்மையில் தருகிறது என்று இதனால் தெரிகிறது. கீசருக்கும் இதே வழி உதவும்: 15 லிட்டர் தண்ணீரை 35 பாகை உயர்த்த 525 கிலோகலோரி வேண்டும், 2 கிலோவாட் என்பது மணிக்கு 1,720 கிலோகலோரி, ஆகவே தொட்டியின் வெப்ப இழப்பைக் கணக்கில் கொள்ளாவிட்டால் சுமார் 18 நிமிடங்கள் ஆகும்.

எந்த வாட்?

மின்தடைக் கம்பியால் சூடேற்றும் கருவியில் உள்ளே போகும் மின்சாரம் அனைத்தும் வெப்பமாகிறது. அங்கே மின்திறனும் வெப்பத்திறனும் ஒரே எண். மற்ற இயந்திரங்களில் அப்படி இல்லை. 1.5 டன் ஏசியை வாட்டுக்கு மாற்றினால் 5,275 என்று வரும். அந்த ஏசி 5,275 வாட் மின்சாரத்தை எடுக்கும் என்று நினைத்து மின்கம்பியைத் தேர்ந்தெடுத்தால் அது பிழை. அந்த எண் அறையிலிருந்து அகற்றப்படும் வெப்பம். அதை அகற்றத் தேவைப்படும் மின்சாரத்தை அறிய, அகற்றும் வெப்பத்தைச் செயல்திறன் குணகத்தால், அதாவது ஒரு வாட் மின்சாரத்துக்கு எத்தனை வாட் வெப்பம் நகர்கிறது என்ற எண்ணால், வகுக்க வேண்டும். குணகம் 3.5 என்றால் மின்திறன் சுமார் 1,507 வாட். அறைக்கு வெளியே உள்ள பகுதி இரண்டின் கூட்டுத்தொகையான 6,782 வாட்டை வெளிக்காற்றில் விடுகிறது. மூன்றும் வாட்தான், மூன்றும் ஒரே இயந்திரத்துக்கு உரியவைதான், ஆனால் மின்கம்பிக்கு ஒன்று, அறையின் கணக்குக்கு ஒன்று, வெளிப்புறக் காற்றோட்டத்துக்கு ஒன்று என்று பயன்கள் வேறு.

ஈஇஆர் எனப்படும் ஆற்றல் திறன் விகிதத்தில், அகற்றும் வெப்பம் மணிக்கு பிடியூவிலும் மின்சாரம் வாட்டிலும் இருக்கும். இரண்டு வேறு அலகுகள் ஒரே பின்னத்தில் இருப்பதால், அதைக் குணகமாக்க 3.412-ஆல் வகுக்க வேண்டும். ஈஇஆர் 12 என்பது குணகம் 3.52. பெரிய சில்லர்களில் 'டன்னுக்கு இத்தனை கிலோவாட்' என்று தலைகீழாகச் சொல்வார்கள், 3.517-ஐக் குணகத்தால் வகுத்தால் அது வரும். குணகம் 5 உடைய சில்லர் டன்னுக்கு 0.70 கிலோவாட் எடுக்கிறது.

எரிபொருளில் ஓடும் ஒரு வெந்நீர்க் கொதிகலனை மின்சாரத்துக்கு மாற்றும் கணக்கில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. தகட்டில் மணிக்கு 1,20,000 கிலோகலோரி என்று இருக்கட்டும். 1.163-ஆல் பெருக்கினால் 139.6 கிலோவாட். அது பர்னருக்குள் போகும் எரிபொருளின் வெப்பமானால், கொதிகலனின் பயனுறுதிறன் (உள்ளே போவதில் பயனாக வெளிவரும் பங்கு) 85 சதவீதம் என்ற நிலையில் தண்ணீரைச் சென்றடைவது 118.6 கிலோவாட் மட்டுமே. மின்தடைச் சூடேற்றி வைத்தால் மின் இணைப்பு ஏறத்தாழ 119 கிலோவாட்டுக்கு இருக்க வேண்டும். வெளியிலுள்ள வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குத் தரும், குணகம் 3 உடைய ஹீட் பம்ப் வைத்தால் சுமார் 40 கிலோவாட் போதும். தகட்டின் ஒரே எண்ணிலிருந்து 140, 119, 40 என்று மூன்று விடைகள் பிறக்கின்றன. மாற்றக் காரணியான 1.163 இவை எல்லாவற்றிலும் சரியே. எது வேண்டும் என்பதை அது சொல்லாது.

கணினிச் சேவையகங்கள் உள்ள அறைக்குக் குளிரூட்டும் திறனைக் கணக்கிடும்போது எதிர்த்திசையில் செல்கிறோம். யுபிஎஸ்ஸின் சுமை 6 கேவிஏ (மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் வெறுமனே பெருக்கி வரும் தோற்றத் திறன்), திறன் காரணி (அதில் உண்மைத் திறனின் பங்கு) 0.9 என்றால் கருவிகள் எடுக்கும் உண்மைத் திறன் 5.4 கிலோவாட், வெப்பமாவது இந்த உண்மைத் திறன்தான், கேவிஏ அன்று. கருவிகளுக்குள் போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் அறையின் காற்றில் வெப்பமாகவே முடிகிறது. யுபிஎஸ்ஸும் அதே அறையில் இருந்து அதன் பயனுறுதிறன் 92 சதவீதமாக இருந்தால், 5.4-ஐ 0.92-ஆல் வகுத்து 5.87 கிலோவாட் என்று எடுக்க வேண்டும். விளக்குகளுக்கு 0.1, உள்ளே வேலை செய்யும் இருவருக்கு ஆளுக்குச் சுமார் 100 வாட் என 0.2 சேர்த்தால் 6.17 கிலோவாட், மணிக்குச் சுமார் 21,050 பிடியூ, 1.75 டன். சுவர், கூரை, கண்ணாடி வழியாக வரும் வெப்பம் இதற்கு மேல். ஏசியின் திறனில் ஒரு பகுதி காற்றிலுள்ள ஈரத்தை நீக்கவே செலவாகும் என்பதால், காற்றைக் குளிர்விக்க மட்டும் அது தரும் திறனைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் தனியே பார்க்க வேண்டும்.

மோட்டார்களின் விவரத்தகட்டில் எழுதுவது சுழல்தண்டில் கிடைக்கும் திறன். 10 குதிரைத்திறன் மோட்டார் 90 சதவீதப் பயனுறுதிறனில் முழுச் சுமையில் ஓடும்போது எடுப்பது 8.29 கிலோவாட். மோட்டாரும் அது இயக்கும் இயந்திரமும் அறைக்குள்ளேயே இருந்தால், பெரும்பாலான வேலைகளில் அந்த 8.29 கிலோவாட் முழுவதும் அறையின் வெப்பமாகிறது. மணிக்கு ஏறத்தாழ 28,300 பிடியூ. சுழல்தண்டின் மறுமுனை அறைக்கு வெளியே உள்ள பம்பை ஓட்டினால், அறைக்குள் தங்குவது மோட்டாரின் இழப்பான 0.83 கிலோவாட் மட்டுமே. பத்து மடங்கு வேறுபாடு, அதுவும் இயந்திரம் சுவரின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதால் மட்டுமே.

வெப்பத்திலிருந்து மின்சாரத்துக்கு

மின் நிலையங்களில் இந்தப் பயணம் எதிர்த்திசையில் நடக்கிறது. அங்கே இழப்பும் பெரிது. ஒரு கிலோவாட் மணி மின்சாரத்துக்கு எத்தனை கிலோகலோரி எரிபொருள் வெப்பம் செலவாகிறது என்பதை வெப்ப வீதம் என்பார்கள். இழப்பே இல்லாத நிலையில் அது 860 ஆக இருக்கும். ஆகவே 860-ஐ வெப்ப வீதத்தால் வகுத்தால் பயனுறுதிறன் கிடைக்கும்: வெப்ப வீதம் 2,150 என்றால் 40 சதவீதம். பிடியூவில் சொல்லும் நிலையங்களுக்கு 3,412-ஐ எடுத்துக்கொள்ள வேண்டும். அதே நிலையத்தின் வெப்ப வீதம் அங்கே 8,530. எரிபொருளின் மொத்த வெப்ப மதிப்பைக் (புகையிலுள்ள நீராவி குளிர்ந்து நீராகும்போது தரும் வெப்பத்தையும் சேர்த்தது) கொண்டு கணக்கிட்டார்களா, நிகர வெப்ப மதிப்பைக் (அதைச் சேர்க்காதது) கொண்டா என்பதையும் கேட்டறிய வேண்டும். இயற்கை எரிவாயுவில் இவ்விரண்டும் ஏறத்தாழ பத்து சதவீதம் வேறுபடுவதால், வெவ்வேறு அடிப்படையில் சொல்லப்பட்ட இரண்டு நிலையங்களை நேரடியாக ஒப்பிடக் கூடாது.

40 சதவீதப் பயனுறுதிறனில் 500 மெகாவாட் மின்சாரம் தரும் நிலையம் 1,250 மெகாவாட் வெப்பத்தை எடுத்துக்கொண்டு, 750 மெகாவாட்டைப் புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் நீர் வழியாகவும் வெளியேற்றுகிறது. அணு உலைகளில் வெப்ப மெகாவாட், மின் மெகாவாட் என்று இரண்டையும் தனித்தனியே எழுதுவது இதனால்தான். 3,000 மெகாவாட் வெப்பம் தரும் உலையிலிருந்து ஏறத்தாழ 1,000 மெகாவாட் மின்சாரம் கிடைக்கும். இரண்டுக்கும் இடையில் உள்ள மூன்று என்பது மாற்றக் காரணி அன்று; அது அந்த நிலையத்தின் வெப்பநிலைகளும் இயந்திரங்களும் தீர்மானிக்கும் எண், வேறு நிலையத்தில் வேறாக இருக்கும்.

சர்வதேச அலகு முறையில் வாட் ஒன்றே. அலகின் பெயரோடு மின், வெப்பம் என்ற ஒட்டுகளைச் சேர்க்காமல், அளவின் பெயரில் அதைச் சொல்ல வேண்டும் என்பதே அதன் நெறி. கணக்கேட்டிலும் அவ்வாறே செய்வது நல்லது: ஒவ்வொரு நெடுவரிசையின் தலைப்பிலும் 'எரிபொருள் வெப்பம், கிலோவாட்', 'தண்ணீர் ஏற்ற வெப்பம், கிலோவாட்', 'மின் இணைப்புச் சுமை, கிலோவாட்' என்று முழுமையாக எழுதிவிட்டு, ஒரு நெடுவரிசையிலிருந்து அடுத்ததற்குப் போகப் பயன்படுத்திய பயனுறுதிறனையோ குணகத்தையோ தனிக் கட்டத்தில் வைத்தால், அடுத்து அந்தக் கணக்கைத் திறப்பவர் எந்த எண்ணை எதனுடன் கூட்டலாம், எதனுடன் கூட்டக் கூடாது என்று பார்த்த உடனே அறிந்துகொள்வார்.